உறையவிடாததைக் குறைக்கும் ஊசி

ஹீமோஃபீலியா என்பது ரத்தம் சரியாக உறையாத மரபுநோய். அது உள்ளவர்களுக்கு இத்தனை காலமும் மருத்துவம் செய்துவந்தது பெரும்பாலும் ஒரே காரியம்தான். ரத்தம் உறைய உதவும் புரதங்களுக்கு ஃபேக்டர் என்று பெயர். உடம்பில் எந்த ஃபேக்டர் இல்லையோ அதை நரம்பு வழியாக ஏற்றுவது. ஏ வகைக்கு எட்டாம் ஃபேக்டர், பி வகைக்கு ஒன்பதாம் ஃபேக்டர். ஏற்றியது சில நாளில் தீர்ந்துபோகும், மறுபடி ஏற்ற வேண்டும். 2025 மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்த ஃபிடுசிரான் என்கிற மருந்து இந்த வழியில் போகவே இல்லை. இல்லாத ஃபேக்டரை அது தொடுவதில்லை. ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்கும் ஆன்டித்ரோம்பின் என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையே குறைக்கிறது. அதற்குக் கையாளும் வழிக்கு ஆர்என்ஏ குறுக்கீடு என்று பெயர்.

நான் ஒரு மருத்துவமனை லேபில் ரத்த உறைதல் பரிசோதனைகள் செய்யும் பிரிவில் இருக்கிறேன். இந்த மருந்தைப் பற்றி நான் படித்த செய்திகள் எல்லாமே மூலக்கூறின் சாமர்த்தியத்தைத்தான் பேசின. பேச வேண்டியதுதான், உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் இது பத்திரமாக வேலை செய்ய ஒரு சாதாரண லேப் டெஸ்ட் எவ்வளவு அவசியம் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயம் பட்டதும் தட்டணுக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின்மேல் ஃபேக்டர்கள் ஒன்றையொன்று தூண்டிவிட, கடைசியில் த்ரோம்பின் என்ற நொதி உண்டாகிறது. ரத்தத்தில் கரைந்து கிடக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றிக் காயத்தை அடைப்பது இந்த த்ரோம்பின்தான். எட்டாம் ஃபேக்டரும் ஒன்பதாம் ஃபேக்டரும் சேர்ந்து அதன் உற்பத்தியைப் பல மடங்கு பெருக்குகின்றன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் த்ரோம்பின் கொஞ்சமாகத்தான் வரும்.

வந்த கொஞ்சத்தையும் பிடித்து முடக்க ஆன்டித்ரோம்பின் ரத்தத்தில் முழு அளவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நமக்கெல்லாம் அது வேண்டும். அது இல்லாவிட்டால் ஓர் இடத்தில் தொடங்கிய உறைதல் ரத்தக்குழாய் நெடுகப் பரவிவிடும். ஹீமோஃபீலியா உள்ளவருக்கோ அதே முழு அளவு மிகையாகிவிடுகிறது. தராசில் ஒரு தட்டு ஏறக்குறைய காலி, எதிர்த்தட்டில் படிக்கல் அப்படியே இருக்கிறது. முள் நடுவுக்கு வர, காலித் தட்டில் ஏதாவது ஏற்றலாம், இல்லையென்றால் எதிர்த்தட்டிலிருந்து கல்லை எடுக்கலாம். ஃபிடுசிரான் கல்லை எடுக்கிறது.

இந்த யோசனைக்கு மனித உடம்பிலேயே சான்று இருந்தது. 1965-இல் ஓலாவ் எகெபெர்க் என்பவர் நார்வேயில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்தில் பலருக்குச் சிரைகளில் ரத்தம் கட்டியது. சோதித்தால் ஆன்டித்ரோம்பின் இயல்பில் பாதி அளவுதான். பாதியாகக் குறைந்ததற்கே அவ்வளவு தொல்லை. பின்னாளில் வேறொன்றும் கவனத்துக்கு வந்தது. கடுமையான ஹீமோஃபீலியாவோடு பிறந்த சிலருக்கு, ரத்தம் எளிதில் கட்டிக்கொள்ளும் இன்னொரு மரபுக் குறையும் கூடவே இருந்தது. அவர்களுக்கு ஃபேக்டர் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். ஆனாலும் அதே நோய் உள்ள மற்றவர்களைவிட ரத்தக்கசிவு குறைவாக இருந்தது. ஆன்டித்ரோம்பினைக் குறைத்தால் ஹீமோஃபீலியாவுக்கு உதவும் என்பதும், குறைப்பு எல்லை மீறினால் அதுவே இன்னொரு நோய் என்பதும் இப்படி முன்கூட்டியே தெரிந்திருந்தன.

சரி, ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது?

இங்கேதான் ஆர்என்ஏ குறுக்கீடு வருகிறது. அதன் கதை பூச்செடியில் ஆரம்பிக்கிறது. 1990-இல் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறமிக்கான மரபணுவின் கூடுதல் பிரதியைச் செடிக்குள் செலுத்தினார்கள். பூக்களில் பல வெள்ளையாகவும் திட்டுத்திட்டாகவும் பூத்தன. கூடுதலாகக் கொடுத்தது, ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து அடக்கிவிட்டது. ஏன் என்று அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் மண்ணில் வாழும் ஒரு நுண்புழுவில் விடையைக் கண்டுபிடித்தார்கள். புழுவின் தசை மரபணு ஒன்றுக்குப் பொருந்தும் ஆர்என்ஏவை ஒற்றை இழையாகச் செலுத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரட்டை இழையாகச் செலுத்தினால் அந்த மரபணு அடங்கிப்போய்ப் புழு துடித்தது. அந்த மரபணு கெட்டுப்போன புழுக்கள் துடிக்கும் அதே துடிப்பு. எட்டே வருடத்தில், 2006-இல், இருவருக்கும் நோபல் பரிசு.

செல்லுக்குள் நடப்பது இதுதான். இரட்டை இழை ஆர்என்ஏவைச் செல் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒரு துண்டு ஏறக்குறைய 21 எழுத்து நீளம். அதன் ஓர் இழையை ஆர்கோநாட் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. மரபணு சொல்வதைப் புரதம் தயாராகும் இடத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்என்ஏ. அந்த இழைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் தூது வந்தால் ஆர்கோநாட் அதை வெட்டிவிடும். தூது போய்விட்டால் புரதம் தயாராகாது. வெட்டிய பிறகும் ஆர்கோநாட் தன் இழையை விடுவதில்லை, அடுத்த தூதுக்குப் போகிறது. ஒரு முறை போட்ட ஊசி மாதக்கணக்கில் வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மரபணுவில் கை வைப்பதே இல்லை. மருந்தை நிறுத்தினால் மெல்ல மெல்லப் பழைய அளவு திரும்பும்.

பாலூட்டிகளின் செல்களிலும் இந்தச் சிறு துண்டுகள் வேலை செய்யும் என்று தாமஸ் டுஷ்லின் குழு 2001-இல் காட்டியது. அதற்கப்புறம் மருந்து நிறுவனங்கள் பணத்தைக் கொட்டின. ஆனால் ஆர்என்ஏவைச் சும்மா ரத்தத்தில் விட்டால் நொதிகள் உடைத்துவிடும், மீதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சரியான செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வழி தெரியாமல் பல வருடங்கள் போயின. பெரிய நிறுவனங்கள் சில கைகழுவிவிட்டுப் போயின. 2018-இல்தான் இந்த வகையில் முதல் மருந்து, பாட்டிசிரான், அனுமதி பெற்றது. அது ஹீமோஃபீலியாவுக்கானது இல்லை, வேறொரு மரபுநோய்க்கானது. அதைக் கொழுப்புத் துகளில் பொதிந்து நரம்பு வழியாக ஏற்றினார்கள்.

ஃபிடுசிரானில் அந்தத் துகள்கூடக் கிடையாது. ஆர்என்ஏ துண்டின் ஒரு முனையில் கால்நாக் என்ற சர்க்கரை மூலக்கூறு மூன்று கிளையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இந்தச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பி ஏராளமாக இருக்கிறது. உடம்பின் மற்ற செல்களில் அது இல்லை என்றே சொல்லலாம். தோலுக்கு அடியில் போட்ட மருந்து கல்லீரலைத் தேடிப் போய்ச் சேர்வது இப்படித்தான். ஆன்டித்ரோம்பின் தயாராவதும் அங்கேதான்.

ஆக, எந்தப் புரதம் என்பதையும் எந்த உறுப்பு என்பதையும் இந்த மூலக்கூறு தானே தேர்ந்துகொள்கிறது. பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். எங்கள் லேபுக்கு ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், பார்க்க வருகிறவர்களில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. ரத்தம் கட்டாமலிருக்க அவர்கள் சாப்பிடும் வார்ஃபரினும் அசிட்ரோமும் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்று நான்கு ஃபேக்டர்களை ஒருசேரக் குறைக்கின்றன. போதாததற்கு, உறையவிடாமல் காக்கும் சி, எஸ் என்ற இரண்டு புரதங்களையும் குறைக்கின்றன. கீரை கூடக் குறையச் சாப்பிட்டால்கூட ஐஎன்ஆர் மாறும். உயிர் காக்கும் மாத்திரைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவைக்க அவற்றுக்குத் தெரியாது.

ஆனால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை ஆர்என்ஏ துண்டாலும் தேர்ந்துகொள்ள முடியாது. அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே அளவு ஊசிக்கு ஒருவருக்கு ஆன்டித்ரோம்பின் 20 சதவீதத்துக்கு வரும், இன்னொருவருக்கு 10-க்கும் கீழே இறங்கிவிடும். இந்த இடத்தில் தான் ஃபிடுசிரான் அடி வாங்கியது.

2017-இல் ஆய்வில் இருந்த ஹீமோஃபீலியா ஏ நோயாளி ஒருவர் இறந்துபோனார். வலிக்காக எட்டாம் ஃபேக்டர் எடுத்துக்கொண்டிருந்தவர். பிறகு தலைவலி வந்தது. மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு என்று முதலில் முடிவு செய்து, மேலும் ஃபேக்டர் ஏற்றினார்கள். ஹீமோஃபீலியா நோயாளிக்குத் தலைவலி என்றால் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது அதைத்தான். பின்னால் ஸ்கேன் படங்களை மறுபடி பார்த்தபோது, அது மூளையின் சிரையில் ஏற்பட்ட உறைவு என்று தெரியவந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆய்வு நிறுத்தப்பட்டது. ஃபிடுசிரான் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு வந்தால் ஃபேக்டரைக் குறைந்த அளவில்தான் தர வேண்டும் என்ற விதிகள் வகுத்த பிறகு மறுபடி தொடங்கியது. 2020-இல் மேலும் சிலருக்கு ரத்தம் கட்டியதால் திரும்பவும் நிறுத்தினார்கள். இந்த முறை மருந்தின் அளவையே மாற்றினார்கள். எல்லோருக்கும் மாதம் 80 மில்லிகிராம் என்றிருந்ததை விட்டுவிட்டு, ஒவ்வொருவரின் ஆன்டித்ரோம்பினையும் அளந்து, அது 15-க்கும் 35 சதவீதத்துக்கும் இடையில் நிற்கும்படி ஊசியைக் கூட்டிக் குறைப்பது என்று முடிவானது.

அமெரிக்க அனுமதி கிடைத்தது இந்த முறைக்குத்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 50 மில்லிகிராமில் ஆரம்பம். முதல் ஆறு மாதத்தில் நான்கு முறை ஆன்டித்ரோம்பின் பார்க்க வேண்டும். 15-க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும். 35-க்கு மேலேயே நின்றால் கூட்டலாம். அளக்க வேண்டிய பரிசோதனையையும் மருந்தோடு சேர்த்தே அனுமதித்திருக்கிறார்கள். ரத்த உறைவு பற்றியும் பித்தப்பைக் கோளாறு பற்றியும் கட்டம் கட்டிய எச்சரிக்கை மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. கல்லீரல் நொதிகளையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, நிறையவே. இன்ஹிபிட்டர் (அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) இல்லாத 120 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் வேலூர் சிஎம்சியின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. ரத்தம் கசிந்தபோது மட்டும் ஃபேக்டர் போட்டுக்கொண்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 31 கசிவுகள். ஃபிடுசிரான் எடுத்தவர்களுக்கு 3 சொச்சம். இன்ஹிபிட்டர் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் ஃபிடுசிரான் எடுத்த 38 பேரில் 25 பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் கசிவு ஒன்றுகூட வரவில்லை. இவை பழைய 80 மில்லிகிராம் அளவில் கிடைத்த எண்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்ஹிபிட்டர் என்ற வார்த்தையை இதுவரை கேட்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஏற்றிய ஃபேக்டரை அந்நியப் பொருள் என்று உடம்பு தவறாக எண்ணி, அதற்கெதிராக எதிர்ப்பொருள் தயாரித்துவிடும். கடுமையான ஏ வகை நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு இது வருகிறது. அதன்பின் எவ்வளவு ஃபேக்டர் ஏற்றினாலும் பயன் இல்லை. ஏ வகைக்கு எமிசிசுமாப் என்ற நல்ல மருந்து 2017 முதல் இருக்கிறது. எட்டாம் ஃபேக்டரின் வேலையை அது செய்வதால் பி வகைக்கு உதவாது. பி வகையில் இன்ஹிபிட்டர் வருவது அரிது, ஆனால் வந்தவர் பாடு மிக மோசம். சிலருக்கு ஒன்பதாம் ஃபேக்டர் ஏற்றினாலே கடும் ஒவ்வாமை வரும். ஃபிடுசிரான் எந்த ஃபேக்டரையும் நம்பி இல்லாததால், ஏ, பி, இன்ஹிபிட்டர் உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் அதே ஊசிதான். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கான்சிசுமாப், மார்ஸ்டாசிமாப் இரண்டும் இதே போல எதிர்ப்பக்கத்தைக் குறைப்பவைதான். அவை பிடிப்பது வேறொரு புரதத்தை, அதுவும் எதிர்ப்பொருள் வழியாக.

எங்களிடம் தொடர்ந்து வரும் ஒரு பையன் அந்த அரிய கூட்டத்தில் இருக்கிறான். பி வகை, இன்ஹிபிட்டரும் உண்டு. ஒன்பது வயது. இடது முட்டி மடங்குவதும் கஷ்டம், நீட்டுவதும் கஷ்டம். ரத்தம் எடுக்கும்போது அவனே கையை நீட்டி, எந்த நரம்பு கிடைக்கும் என்று காட்டுவான். எடுத்த இடத்தை அவன் அம்மா பஞ்சு வைத்துக் கடிகாரம் பார்த்து அழுத்திக்கொண்டே நிற்பார். போன முறை வந்தபோது போனை எடுத்து நீட்டினார்.

“மேடம், ஃபேக்டர் இல்லாமயே ரத்தம் நிக்குதாமே. குரூப்ல போட்டிருந்தாங்க. கல்லீரல்லயே ஊசி குத்துவாங்களா?”

“இல்லம்மா. வயித்துத் தோலுக்கு அடியில, இன்சுலின் போடுறாங்கல்ல, அது மாதிரிதான். மருந்து தானா கல்லீரலுக்குப் போயிடும்.”

“நரம்பு தேட வேணாமா?”

“வேணாம்மா.”

அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மலர்ந்தது. ரத்தக்கசிவு குறையும் என்பதைவிட, நரம்பு தேட வேண்டாம் என்பது அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. அனுமதி பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் என்பதையும் சொன்னேன். குழந்தைகளிடம் தனியாக ஆய்வு நடக்கிறது என்றும் சொன்னேன். “அதுக்குள்ள முட்டி தாங்கணுமே மேடம்” என்றார். அந்த முட்டி நன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஆசையும்கூட. அதனால்தான் இந்த மருந்து நம் பக்கம் வரும்போது என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

விலை முதல் சுவர். அமெரிக்காவில் ஒரு வருடத்துக்கான பட்டியல் விலை 6 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. இந்த விலையில் எந்த அரசும் இலவசமாகத் தராது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைப்பதற்குப் பின்னால் நோயாளிகளும் பெற்றோர்களும் பல வருடம் நடையாய் நடந்த உழைப்பு இருக்கிறது. இதற்கும் அப்படி நடக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு விஷயம். ஆர்என்ஏ துண்டு வேதிமுறையில் தயாராவது, செல்களை வளர்த்துப் பிழிந்தெடுக்கும் ஃபேக்டரைப் போலக் கிடையாது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் இதன் விலை இறங்கும் என்று நம்ப எனக்கு இடம் இருக்கிறது.

இரண்டாவது சுவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஆன்டித்ரோம்பினை அளப்பது.

டெஸ்ட் கஷ்டமானது இல்லை. சிட்ரேட் ஊற்றிய நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். கோட்டுக்குக் கீழே நின்றால் சிட்ரேட் மிகுந்து கணக்கு கெட்டுவிடும், நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். குழாயைச் சுழற்றினால் மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். அதில் ஹெப்பரினும், அளவு தெரிந்த பத்தாம் ஃபேக்டர் நொதியும் சேர்ப்போம். ஹெப்பரின் தூண்டிவிட, பிளாஸ்மாவில் உள்ள ஆன்டித்ரோம்பின் அந்த நொதியில் தன்னால் ஆனவரை பிடித்து முடக்கும். முடங்காமல் மிஞ்சிய நொதி, அடுத்து நாங்கள் சேர்க்கும் பொருளை உடைத்து மஞ்சள் நிறத்தை வெளியே விடும். கருவி 405 நானோமீட்டர் ஒளியில் அந்த மஞ்சளை அளக்கும். மஞ்சள் கூடினால் ஆன்டித்ரோம்பின் குறைவு, மஞ்சள் குறைந்தால் ஆன்டித்ரோம்பின் அதிகம். சில நிமிட வேலை.

பல லேப்களில் இதைச் செய்யக்கூடிய கருவி ஏற்கெனவே நிற்கிறது. இல்லாதது ரீஏஜென்ட், அதாவது டெஸ்ட்டுக்குச் சேர்க்க வேண்டிய ரசாயனங்கள் அடங்கிய கிட். ஆன்டித்ரோம்பின் கேட்டு மருத்துவர்கள் எழுதுவது எப்போதாவதுதான். கிட்டைத் திறந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். ஒரே ஒரு சாம்பிளுக்காகத் திறந்தால் மீதி வீண். அதனால் சாம்பிளை உறையவைத்து, நாலைந்து சேர்ந்தபின் ஓட்டுவது, இல்லையென்றால் வெளியூர் லேபுக்கு அனுப்புவது. ரிசல்ட் வர ஒரு வாரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். வழக்கமாக இந்த டெஸ்ட் கேட்கப்படும் காரணங்களுக்கு அந்தத் தாமதம் பெரிதாகப் பாதிக்காது. ஃபிடுசிரான் எடுப்பவருக்கு அது சரிப்படாது. அடுத்த ஊசியைப் போடலாமா, அளவைக் குறைக்கலாமா என்பதே அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களுக்கு வரும் ஆன்டித்ரோம்பின் சாம்பிள்களில் கேள்வி பெரும்பாலும் 80-க்கு மேலா கீழா என்பதுதான். இயல்பு அளவு சுமாராக 80 முதல் 120 வரை. இந்த மருந்துக்கு வேண்டியது கீழ்முனையில் துல்லியம். 14-க்கும் 18-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அதற்குக் குறைந்த அளவில் தனிக் கண்ட்ரோல், அதாவது அளவு முன்கூட்டியே தெரிந்த சாம்பிள், ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். ரீஏஜென்ட் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், அதனால் ஒரே நோயாளிக்கு ஒரே முறையில் தொடர்ந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் மருந்து வந்து சேர்ந்தபிறகு கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும்.

அவசரப் பிரிவுக்கும் இதில் வேலை உண்டு. ஃபிடுசிரான் எடுப்பவர் தலைவலியோடு நள்ளிரவில் வந்தால், பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இது கசிவாகவும் இருக்கலாம் உறைவாகவும் இருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான அளவில் ஃபேக்டர் ஏற்றக்கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மருந்தை உடனே உடம்பிலிருந்து வெளியே எடுக்க வழியில்லை, விளைவு அடங்க மாதங்கள் பிடிக்கும். மிக அவசரம் என்றால் ஆன்டித்ரோம்பினையே நரம்பு வழியாக ஏற்றலாம். அது எந்த மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறது என்பதை முன்னமே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

இதே ஆர்என்ஏ வழியில், எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. ரத்தம் கட்டுகிறவர்களுக்குப் பதினொன்றாம் ஃபேக்டரை மட்டும் குறைக்கும் மருந்துகள் சோதனையில் உள்ளன. அந்த ஃபேக்டர் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு ரத்தக்கசிவு பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும், அதனால் இந்த நம்பிக்கை. ஆர்என்ஏ குறுக்கீட்டின் நெருங்கிய உறவான ஒற்றை இழை மருந்து ஒன்றைக் கொண்டு முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. கூடிய அளவு மருந்து பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான் சிரையில் ரத்தம் கட்டியது. வழக்கமான ஊசி பெற்றவர்களில் 30 சதவீதத்தினருக்கு. ரத்தக்கசிவும் கூடவில்லை. இந்த வகை மருந்துகள் வந்தால் அவற்றுக்கும் அளக்க ஆள் வேண்டும்.

அதனால் ஹீமோஃபீலியா சங்கங்களில் இருப்பவர்களிடமும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த நோயைப் பார்க்கும் டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். மருந்துக்காக மனு கொடுக்கும்போது, அதே தாளில் ஆன்டித்ரோம்பின் டெஸ்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள். மாவட்டத்துக்கு ஒன்று என்றுகூட இல்லை, மண்டலத்துக்கு ஒரு லேப் போதும். வாரத்தில் ஒரு நாள் குறித்து, அன்றைக்குச் சுற்று மாவட்டங்களின் சாம்பிள்களை எல்லாம் சேர்த்து ஓட்டினால் கிட்டும் வீணாகாது, ரிசல்ட்டும் அன்றைக்கே போகும். எங்களைப் போன்றவர்களுக்குக் கீழ்முனை அளவீட்டில் சில நாள் பயிற்சி கொடுத்தால் போதும். இதற்கு ஆகும் செலவு அந்த மருந்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கருவியும் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம்.